"தோட்டத்தில் எலி": இது தலைப்பா, ஆய்வுச் சிக்கலா?

வாசகர் கேள்வி, மார்ச் 2, மாலை

டீச்சர், நான் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் குலை லாரி ஓட்டுகிறேன். மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. ஆய்வுக்கு "செம்பனைத் தோட்டத்தில் எலிகள்" என்று எழுதிக் கொடுத்தாள். "இது தலைப்பு. ஆய்வுச் சிக்கல் எங்கே? கருதுகோள் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். இரண்டு வாரமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. எலிதான் தோட்டத்துக்கே பெரிய சிக்கல், அதைவிட வேறென்ன சிக்கல் வேண்டும்? இன்னொன்று. கருதுகோள் என்றால் விடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது என்கிறாள். விடை தெரிந்துவிட்டால் ஆய்வு எதற்கு? எனக்கு இது ஏமாற்று வேலையாகப் படுகிறது.

மார்ச் 2, இரவு 9.40

தம்பி, எலி தோட்டத்துக்குச் சிக்கல்தான். ஆய்வுக்கு அது இன்னும் சிக்கல் ஆகவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கு எலி ஒழிந்தால் போதும். ஆய்வு செய்கிறவளுக்கு எலியைப் பற்றி ஏதோ ஒன்று தெரியாமல் இருக்க வேண்டும். அந்தத் தெரியாதது எது என்று அவள் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

லாரி போகிற பாதையில் கம்பத்தின் மேல் மரப்பெட்டிகள் பார்த்திருப்பீர்களே, கூகை கூடு கட்ட வைத்தவை. அதையே எடுத்துக்கொள்வோம். கூகை எலியைத் தின்கிறதா என்பது ஒரு கேள்வி. கூகை இருக்கும் இடத்தில் எலி குறைகிறதா என்பது வேறு கேள்வி. எலி குறைந்த இடத்தில் குலைச் சேதம் குறைகிறதா என்பது மூன்றாவது. கேட்க மூன்றும் ஒன்று போல இருக்கும். முதல் கேள்விக்குப் பெட்டியின் அடியில் கூகை கக்கிப் போட்ட உருண்டைகளைப் பொறுக்கி உடைத்துப் பார்த்தால் விடை வந்துவிடும், உள்ளே எலி எலும்பும் மண்டையோடும் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கூகை நூறு தின்றால் எலி நூற்றைம்பது குட்டி போடலாம்.

பிள்ளையிடம் இன்றிரவே கேளுங்கள், மூன்றில் எது அவள் கேள்வி என்று. மூன்றும் என்று சொன்னால் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். நாளைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

மார்ச் 3, காலை 6.15

"ஏமாற்று" என்று நீங்கள் எழுதிய சொல் ராத்திரி முழுக்க உறுத்தியது. அதற்குப் பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன். ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன், நம் சோற்றுப் பானையோடு சம்பந்தப்பட்டது.

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அதே நாட்டில், அதே மழையில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வமாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒவ்வொரு இனத்தாரும் என்ன சோறு தின்கிறார்கள் என்று பார்த்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து தீட்டி வந்த பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது குத்தித் தின்றார்கள். நம்மவர்கள் கப்பலில் வந்த புழுங்கலரிசி. தீட்டி நாள்பட்ட அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது, அதுதான் நோய்க்குக் காரணம் என்பது பிராடனின் கருதுகோள். 1907இல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

விடையை முதலிலேயே எழுதிவிட்டார், சரி. ஆனால் எழுதிய விதத்தைப் பாருங்கள். அரிசியை மாற்றினால் நோய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் சொன்னது பொய். தான் தோற்கக்கூடிய இடத்தை அவரே காட்டிவிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் அதைச் சோதித்தார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடப்பக்கமிருந்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கூடத்துக்குப் போனார்கள், பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்க் கூடத்துக்கு, புழுங்கலரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றே. 1906 முழுவதும் இப்படி நடந்தது. சயாம் அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் நடு ஆண்டில் வருகிறது. நோய் அரிசியால் வரவில்லை, அந்தக் கூடத்திலேயே ஏதோ கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதனால் இரண்டு கூட்டத்தாரையும் கூடம் மாற்றிப் படுக்கவைத்தார். அரிசியை மாற்றவில்லை. நோய் அரிசியோடு போனது, கூடத்தோடு தங்கவில்லை.

இன்றைக்கு இப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது. அந்த 18 பேரும் எண்ணிக்கையாக மட்டும் நின்றுவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

மார்ச் 3, இரவு 8.05

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் பிராடன் சொன்னது நிரூபணமாகிவிட்டதா?"

இல்லை. நான் அவசரமாக எழுதியதில் அப்படி ஒரு தோற்றம் வந்துவிட்டது, திருத்திக்கொள்கிறேன். அரிசியைப் பற்றி அவர் முன்கூட்டிச் சொன்னது பலித்தது. நஞ்சு என்று அவர் கொடுத்த காரணம் தப்பு. பிளெட்சரே அவசரப்படவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம், அரிசியில் சத்துக் குறைவு இருக்கலாம், சத்துக் குறைந்த உடம்பில் வேறு கிருமி புகலாம் என்று வழிகளைத் திறந்தே வைத்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பிரேசரும் ஸ்டாண்டனும் அடுத்துப் புறப்பட்டார்கள். ஜெலெபு பக்கம் சாலை போட வந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, நோய் கண்டதும் அரிசியை மாற்றிப் பார்த்தார்கள். கோழிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பக்கத்து ஜாவாவில் இதே சிக்கல் இன்னும் சுற்றுவழியில் போயிருந்தது. 1886இல் டச்சு அரசாங்கம் அனுப்பிய குழு "எந்தக் கிருமி?" என்ற கேள்வியோடு வந்து இறங்கியது. கிருமியா என்று கேட்டிருக்க வேண்டும், எந்தக் கிருமி என்று கேட்டுவிட்டார்கள். அந்த வேலையில் தங்கிவிட்ட எய்க்மன் கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டதையும், பிறகு தானாகத் தேறியதையும் கண்டார். விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. கோழிகளுக்குக் கொஞ்ச காலம் ராணுவ மருத்துவமனையின் தீட்டிய சோறு கிடைத்திருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார்! அதன் பிறகும் எய்க்மன் சோற்றில் நஞ்சு, தவிட்டில் மாற்று மருந்து என்றே நினைத்தார். நஞ்சு ஒன்றும் வேண்டாம், தேவையான ஏதோ ஒன்று இல்லாமற்போனாலே நோய் வரும் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். அந்தப் பொருளைப் பட்டேவியாவிலேயே, அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1926இல் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் தயமின், வைட்டமின் பி1.

எங்கள் பாட்டி நெல்லை உமியோடு அவித்த கதை சொல்வார். அப்படி அவிக்கும்போதுதான் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பாட்டிக்குத் தயமினும் தெரியாது, கருதுகோளும் தெரியாது.

மார்ச் 4, மதியம்

"பாட்டிக்குத் தெரிந்திருந்தால் ஆராய்ச்சி எதற்கு" என்று கேட்டவருக்கு: பாட்டிக்குச் செய்யத் தெரிந்திருந்தது. ஏன் என்று தெரிந்தபோதுதான் புழுங்கலரிசி பிடிக்காதவனுக்கும் மருந்து கொடுக்க முடிந்தது.

மார்ச் 5, இரவு 10.30

எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், முடியவில்லை. அம்மாவைப் பற்றியது.

1970களில் அம்மா குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் பூவுக்குத் தூள் ஊதும் வேலை செய்தார். இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துக் காயவைத்து, டால்கம் தூளில் கலந்து, ஊதுகிற கருவியில் நிரப்பிக்கொண்டு, பெண் பூ விரிந்திருக்கும் மரமாகத் தேடித் தேடி ஊத வேண்டும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கிளம்பினால் வெயில் ஏறும் வரைக்கும் முள்ளுக்குள் கைவிட்டபடியே நடை. அம்மா வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் பவுடர். நான் சின்னப்பிள்ளை, அம்மா கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செம்பனைப் பூவில் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்பது அந்நாளில் கேள்வி கேட்காத உண்மை. இங்கே காற்று போதவில்லை, ஆகவே மனிதர் ஊத வேண்டும். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் அதற்குள்ளேயே சுற்றின. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊதுவது, தூளில் மகரந்தம் எவ்வளவு கலப்பது, ஓர் ஆள் எவ்வளவு பரப்பைப் பார்க்க முடியும். நல்ல கேள்விகள்தான், அளந்து விடை சொல்லலாம். ஆனால் அடித்தளத்தை ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி மேற்கு ஆப்பிரிக்காவில் கேமரூனில் வேலை செய்தவர். செம்பனையின் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அங்கே ஒருவரும் ஊதாமலே குலை நிறையக் காய் பிடித்ததையும், பூவில் பூச்சி மொய்த்ததையும் பார்த்தவர். இங்கே வந்து அதை மறக்கவில்லை. ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளரிடம் அந்தக் கேள்வி போனது. கேள்வி இப்போது எப்படி மாறிவிட்டது பாருங்கள்: பூச்சி புகாமல் காற்று மட்டும் போகவிட்டால் காய் பிடிக்குமா? ஆம், இல்லை என்று மரமே சொல்லிவிடும். பூச்சி இல்லாமல் காரியம் நடக்காது என்று அவர் ஆய்வு காட்டியது. கேமரூனில் முக்கியமாக வேலை செய்தது 4 மில்லிமீட்டர்கூட இருக்குமோ இருக்காதோ என்ற ஒரு கூன்வண்டு. வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்த பிறகு 1981 பிப்ரவரியில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கே தெரியுமா? நம் குளுவாங்கில், மாமோர் தோட்டத்திலும் பாமோல் தோட்டத்திலும்.

தூள் ஊதும் வேலை அதோடு முடிந்தது. அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார்.

பல வருடம் கழித்து, நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த பிறகு, இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "பூ விரிஞ்சா சோம்பு வாசனை வரும்டி. நாங்க மூக்கை வச்சுத்தான் மரத்தைக் கண்டுபிடிப்போம்." எனக்கு அப்படியே கை நின்றுவிட்டது. காற்றை நம்பியிருக்கும் பூவுக்கு வாசனை எதற்கு? நெல்லுப் பூவுக்கு அப்படி வாசனை உண்டா, சோளத்துக்கு உண்டா? வாசனை யாரையோ கூப்பிடுகிறது. அந்த வேலை செய்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த வாசனை தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் அதைக் கேள்வியாக நினைக்கவில்லை.

தம்பி, பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆய்வுச் சிக்கலை நூலகத்தில் மட்டும் தேட வேண்டாம். எலி கடித்த குலையைத் தினமும் கையில் தூக்கிப் போடுகிற ஆட்களிடம் ஒரு மணி நேரம் உட்காரட்டும்.

மார்ச் 6, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். நம் தீபகற்பத்தில் பூச்சியே இல்லை என்பது போலப் படிக்கிறது. அப்படியில்லை. இலைப்பேன் வகைச் சிறு பூச்சி ஒன்று இங்கே ஏற்கெனவே அந்த வேலையை ஓரளவு செய்துகொண்டிருந்தது, சையதுதான் அதையும் கண்டார். சபாவில் அன்று நிலைமை வேறு, அங்கே கையால் ஊதாமல் சரிவரவில்லை. ஒரே நாட்டில் இந்த வித்தியாசம் இருந்ததே ஒரு தடயம்.

மார்ச் 6, மாலை 5.20

ஆரம்பப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊகித்தல், முன் அனுமானித்தல், கருதுகோள், மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்." பிள்ளைகள் மட்டுமா?

குலையில் பல் தடம் இருக்கிறது, எலி கடித்திருக்க வேண்டும்: இது ஊகம், கண்டதற்குச் சொல்லும் காரணம். அடுத்த மாதம் இந்தப் பகுதியில் சேதம் கூடும்: இது முன் அனுமானம். கூகைப் பெட்டி உள்ள பகுதியில் புதிதாக எலி கடித்த மரங்களின் விகிதம் பெட்டி இல்லாத பகுதியைவிடக் குறைவாக இருக்கும்: இது கருதுகோள். இரண்டு மாறிகளுக்கு, அதாவது மாறக்கூடிய இரண்டு விஷயங்களுக்கு (இங்கே பெட்டியும் கடியும்), நடுவே ஓர் உறவைச் சொல்கிறது, எதை எண்ண வேண்டும் என்பதையும் சொல்கிறது.

"இது அதிகரித்தால் அது அதிகரிக்கும்" என்ற வாய்பாட்டை நானும் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதினேன். தேர்வுக்குப் பயன்பட்டது. ஆனால் ஏன் அதிகரிக்கும் என்று அடுத்த வரி எழுதச் சொல்லாமல் விட்டதை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன். காரணம் இல்லாத கருதுகோள் பொய்த்துப்போனால் அதிலிருந்து எதுவும் கற்க முடியாது.

மார்ச் 8, இரவு 11.00

என் முதுகலை ஆய்வைப் பற்றி இதுவரை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. தம்பியின் மகள் என் தப்பைச் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பகுதி நேரமாகப் படித்தேன். என் ஆய்வுக் கேள்வி: "தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஏன் ஆர்வம் குறைவு?" எனக்கு அது எவ்வளவு நியாயமான கேள்வியாகப் பட்டது! மேற்பார்வையாளரும் ஒன்றும் சொல்லவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்த நானே என் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு என்பதைக் கேள்விக்குள் முடிவாக வைத்துவிட்டேன். குறைவா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதென்றால் பட்டணத்துப் பிள்ளைகளிடமும் அதே தாளைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கண்டால் இப்போதும் நான் முதலில் அதன் வாலைத்தான் பார்ப்பேன், அங்கே நிரூபிக்காத ஒன்று உண்மை போல உட்கார்ந்திருக்கும்.

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. வினாத்தாள்களைத் திரட்டிவிட்டேன், கருதுகோள் ஒன்றும் உருப்படியாக இல்லை. அதனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டேன். அப்பாவின் வேலை, பள்ளித் தூரம், வீட்டில் வானொலி, கோழி வளர்ப்பது, இப்படி 20 சங்கதிகள். கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடுதல் என்று ஒரு முடிவு வந்தது, புள்ளியியல்படி செல்லும் என்று கணினி சொன்னது. "உயிரினங்களைப் பராமரிக்கும் அனுபவம் அறிவியல் ஆர்வத்தைத் தூண்டும்" என்று ஒரு கருதுகோளை எழுதி, முதல் அத்தியாயத்தில், ஆரம்பத்திலேயே நினைத்தது போல வைத்துவிட்டேன்.

தம்பி, நீங்கள் ஏமாற்று என்று சொன்னீர்களே, இதுதான் அது. விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுதுவது. தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் செல்லும் என்ற அளவுகோலில் சம்பந்தமில்லாத 20 சங்கதிகளைச் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகச் செல்லுபடியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 64. கோழி அந்த 64க்குள் வந்ததா, உண்மையிலேயே கோழிக்கு மகிமை உண்டா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. என் கையாலேயே அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டேன். கோழிக் கணக்கை "இது தேடிக் கிடைத்தது, இனிமேல் சோதிக்க வேண்டியது" என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தால் அது நேர்மையான வேலை. அடுத்தவர் யாராவது புதிய பிள்ளைகளிடம் சோதித்திருப்பார்.

கருதுகோளை முதலிலேயே எழுதித் தேதி போட்டு வைப்பது நம்மை நம்மிடமிருந்து காப்பாற்றத்தான்.

மார்ச் 9, காலை 7.00

"புள்ளியியல்படி செல்லும் என்றால் என்ன? லாரிக்காரனுக்குப் புரிகிற மாதிரி" என்று தம்பி கேட்டிருக்கிறார். தேத்தண்ணியை வைத்துச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1920களில் நடந்தது. கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீர் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஓர் அம்மையார். பக்கத்தில் இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர். இதை எப்படிச் சோதிப்பது என்பதை 1935இல் வந்த தன் புத்தகத்தில் விவரமாக எழுதினார். 8 கோப்பை, 4 அப்படி, 4 இப்படி, கலைத்து வைக்க வேண்டும். அம்மையாருக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று முதலில் வைத்துக்கொள்வோம். இதற்குத்தான் இன்மைக் கருதுகோள் என்று பெயர். அந்த 4 கோப்பைகளைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு, குருட்டாம்போக்கில் எட்டும் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் "ஒன்றும் தெரியாது" என்ற நினைப்பைக் கைவிடுவதே நியாயம். ஒரு ஜோடி தப்பினால்? அப்படி வர 70இல் 16 வழிகள் இருக்கின்றன, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

என் டியூஷன் பிள்ளைகள் போன வருடம் இதைச் செய்தார்கள், சாந்தானில் (தேங்காய்ப்பாலில்) பாக்கெட்டா அரைத்ததா என்று. பக்கத்து வீட்டு அக்காவும் சவால்விட்டு உட்கார்ந்தார். எட்டும் சரி. பிள்ளைகள் கைதட்டியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

எலிக்கு இதை மாற்றினால்: பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேத விகிதத்தில் வித்தியாசம் இல்லை. பிள்ளை எதிர்த்து வாதாட வேண்டியது இந்த வாக்கியத்தோடுதான்.

மார்ச் 11, மாலை

"வேறு நாட்டில் நிரூபித்ததை நம் தோட்டத்தில் மறுபடி சோதிப்பது ஆய்வா, காப்பியா?" ஆய்வுதான். மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தார். சதுப்பை வடித்து, காட்டை வெட்டி வெளிச்சமாக்கினார், கிள்ளானிலும் துறைமுகத்திலும் மலேரியா இறங்கியது. கடலோரக் கொசு நிழலான தேங்கு நீரில் முட்டையிடும், நிழல் போனதும் கொசு போனது. அதே யோசனையோடு மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டினால் காய்ச்சல் ஏறியது. அங்கே இருந்தது வேறு கொசு, அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஓடைகளுக்கு எண்ணெய் தெளிக்க வேண்டியதாயிற்று. மலைத்தோட்ட லயங்களில் இருந்த நம்மவர்கள்தான் அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்தார்கள்.

கருதுகோளில் "எங்கே, எந்த நிலையில்" என்ற சொற்கள் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மார்ச் 14, இரவு 9.15

பிள்ளை எழுதியதைத் தம்பி அனுப்பியிருந்தார். நல்ல முன்னேற்றம். அவள் எழுதியது: "கூகைப் பெட்டிகள் செம்பனைத் தோட்டத்துக்கு நன்மை பயக்கின்றன."

பயக்கின்றன என்பதை எதால் அளப்பாய், கண்ணு? நன்மை என்பது எலி எண்ணிக்கையா, குலைச் சேதமா, நஞ்சுக்குச் செலவாகும் பணமா? குலைச் சேதம் என்று வைத்துக்கொள். அதிலும் புதுக்கடி, பழைய கடி என்று பிரித்து எண்ண வேண்டும், பழைய தழும்பு போன மாதத்து எலியைக் காட்டும். அடுத்தது நஞ்சு. பெட்டி வைத்த பகுதியில் எலி மருந்துக் கட்டியும் போடுகிறார்களா? போட்டால் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பாய்? சில மருந்துகள் தின்ற எலியைத் தின்று கூகையே சாகும், அதையும் யோசி.

அவளுக்காக நான் எழுதிப் பார்த்தது: பெட்டிகள் வைத்து ஓராண்டு கடந்த, இப்போது எலி மருந்து போடாத முதிர்ந்த செம்பனைப் பகுதிகளில், புதுக்கடி உள்ள மரங்களின் விகிதம், அதே வயதுள்ள, மருந்தும் பெட்டியும் இல்லாத பகுதிகளைவிடக் குறைவாக இருக்கும். நீளம்தான். ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டுப் பார், எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரியும்.

மார்ச் 15, காலை 6.40

எழுந்ததும் என் வாக்கியத்திலேயே ஓர் ஓட்டை தெரிந்தது. பெட்டியை எங்கே வைப்பது என்று நிர்வாகம் எப்படி முடிவு செய்தது? எலி அதிகமாக இருந்த இடத்தில்தானே முதலில் வைப்பார்கள்? அப்படியானால் கூகை நன்றாக வேலை செய்தாலும் அந்தப் பகுதியில் சேதம் கூடுதலாகவே தெரியலாம். பெட்டி வைப்பதற்கு முந்தைய கணக்கு தோட்ட அலுவலகத்தில் இருந்தால் வாங்க வேண்டும். அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டுப் பாருங்கள் தம்பி.

மார்ச் 17, இரவு 8.50

தம்பி எழுதியிருக்கிறார்: கிராணியிடம் பழைய சேதக் கணக்கு இருக்கிறதாம், வெளியே கொடுக்க மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரோ இன்னொரு சங்கதி சொல்லியிருக்கிறார். பெட்டி இல்லாத பகுதி மறுநடவு செய்து நாலு வருடம்தான் ஆகிறது, பெட்டி உள்ள பகுதிக்குப் பதினைந்துக்கு மேல்.

அப்படியானால் அந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. பிள்ளை அழ வேண்டாம், இது ஆய்வு தொடங்குவதற்கு முன்பே தெரிந்தது. நடவு ஆண்டு போட்ட தோட்ட வரைபடம் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆற்றோரத்தில் பதினைந்து வயதுப் பகுதி ஒன்று இருந்த ஞாபகம் எனக்கு, அங்கே பெட்டி கிடையாது. சனிக்கிழமை பெரட்டுக்கு முன்னால் நான் தோட்டத்து வாசலில் நிற்கிறேன். நீளக் காலுறையும் இரண்டு நிறச் சாயமும் கொண்டுவரட்டும், எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணாமல் இருக்க.